கையை வீசி ஆடும் கேம் கன்சோல்: முதல்முறை வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நவம்பர் வந்து பிளாக் ஃபிரைடே விளம்பரங்கள் தொடங்கியதும், பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்பது ஒரே விஷயம்தான்: "அக்கா, உங்கள் வீட்டில் கையை வீசி ஆடுகிறார்களே, அந்தக் கேமில் எதை வாங்குவது?" எங்கள் வீட்டில் முதலில் நின்டெண்டோ நிறுவனத்தின் வீ (Wii) என்ற கன்சோல், அதாவது டிவியில் இணைத்து ஆடும் கேம் பெட்டி, இருந்தது. அப்புறம் அதே நிறுவனத்தின் ஸ்விட்ச் வந்தது. இரண்டையும் ஆயா முதல் கடைக்குட்டி வரை எல்லோரும் ஆடியிருக்கிறோம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கையை வீசினால் டிவியில் பந்து போகிறதே, அது எப்படி?

மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, கையில் பிடிக்கும் ரிமோட்டுக்குள்ளேயே அசைவை உணரும் சில்லு இருப்பது. போனைச் சாய்த்தால் படமும் திரும்புகிறது அல்லவா, அதே வகைதான். நின்டெண்டோ ஸ்விட்ச்சின் இரண்டு பக்கமும் கழற்றி எடுக்கும் ஜாய்-கான் என்ற ரிமோட் இப்படி வேலை செய்கிறது.

இரண்டாவது, அந்தச் சில்லோடு வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்வது. வீ ரிமோட்டின் நுனியில் ஒரு சின்னக் கேமரா இருக்கிறது. டிவிக்கு மேலோ கீழோ வைக்கும் பட்டையிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியை அது பார்க்கிறது. அந்தப் பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பெயர் இருந்தாலும் அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனைகளிலும் நம் கண்ணுக்குத் தெரியாத விளக்குகளை ஏற்றி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

மூன்றாவது, கையில் எதுவுமே இல்லாமல் கேமரா நம் உடம்பையே பார்ப்பது. எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கன்சோலுக்கு 2010-இல் வந்த கினெக்ட் அந்த வகை.

நான் வாழ்நாளில் வீடியோ கேம் ஆடியதே இல்லை. எதில் தொடங்கலாம்?

என் பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பொத்தான்களைக் கண்டாலே மிரளுபவர் யார் என்று பாருங்கள். அவருக்கு எது சரிப்படுமோ அதை வாங்குங்கள். பழக்கமுள்ள பையன் எதில் வேண்டுமானாலும் ஆடிவிடுவான். அவனைக் கேட்டு வாங்கினால் அவன் மட்டும்தான் ஆடுவான். மற்றவர்கள் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

கையில் பணம் இருந்தால், பெரும்பாலான குடும்பங்களுக்குச் சாதாரண ஸ்விட்ச்சும் அதோடு 'நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்' கேமும் போதும். 2022-இல் வந்த அந்தக் கேமில் டென்னிஸ், பேட்மின்டன், பவுலிங், வாலிபால், கால்பந்து, வாள்சண்டை இருக்கின்றன. கோல்ஃபும் கூடைப்பந்தும் பின்னால் சேர்ந்தன. பணம் குறைவு, பிள்ளைகளுக்கு டென்னிஸும் பவுலிங்கும் போதும் என்றால் பழைய வீ ஒன்றைத் தேடுங்கள். வீ வாங்குவது ஒரு படி குறைவு என்று நினைக்கவே வேண்டாம். புதிதாக ஆடுபவருக்கு அதைவிட எளிதான கன்சோல் இன்னும் வரவில்லை என்பது என் கருத்து.

ஸ்விட்ச்சில் மூன்று நான்கு வகை இருக்கிறதே?

'லைட்' என்று எழுதியிருப்பதை இதற்காக வாங்காதீர்கள். விலை குறைவாக இருப்பதைப் பார்த்து என் வகுப்புப் பெற்றோர் இருவர் ஏமாந்தார்கள். லைட்டில் ஜாய்-கானைக் கழற்ற முடியாது, டிவியிலும் இணைக்க முடியாது. கையில் பிடித்துத் தனியாக ஆட நல்லதுதான். கையை வீசி ஆட உதவாது.

2017-இல் வந்த சாதாரண ஸ்விட்ச்சுக்கும் 2021-இல் வந்த ஓஎல்இடி ஸ்விட்ச்சுக்கும் டிவியில் ஆடும்போது பெரிய வித்தியாசம் இல்லை. கன்சோலிலேயே இருக்கும் திரைதான் 6.2 அங்குலத்திலிருந்து 7 அங்குலம் ஆனது, நிறமும் பளிச்சென்று இருக்கும். எப்போதும் டிவியில் ஆடப்போகிறவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்விட்ச் 2 வந்துவிட்டதே, அதையே வாங்கிவிட்டால் என்ன?

2025 ஜூன் 5-இல் வந்தது. நல்ல கன்சோல், பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடும். ஆனால் உடற்பயிற்சிக்காக, கையில் பிடிக்கும் வளையத்தோடு வரும் 'ரிங் ஃபிட்' கேமை ஆட நினைப்பவர்கள் கவனியுங்கள். அந்த வளையத்தில் பழைய ஜாய்-கான்தான் பொருந்தும். ஸ்விட்ச் 2-இல் ஆட வேண்டுமென்றால் பழைய ஜாய்-கான் ஒரு ஜோடியையும் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். இன்னொன்று: ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கேம் அட்டைகளில் கேமே இருக்காது, திறவுகோல் மட்டும் இருக்கும், கேமை இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஃபைபர் இல்லாமல் டேட்டா வாங்கி ஓட்டும் வீட்டுக்கு அது செலவு. பெட்டியின் முகப்பிலேயே குறிப்பிட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

தொடக்கத்துக்கு ஸ்விட்ச் 2 தேவையில்லை என்றுதான் நான் சொல்வேன்.

பழைய வீயை எப்படிப் பார்த்து வாங்குவது?

2006-இல் வந்து உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்ற கன்சோல் இது. அதனால் யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கும். வாங்கப் போகும்போது இரண்டு புது ஏஏ பேட்டரிகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ரிமோட்டின் பின்மூடியைத் திறங்கள். நம் டர்பன் கடற்காற்றில் பேட்டரியை உள்ளேயே விட்டுவிட்டால் கசிந்து, ஸ்பிரிங்கில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்துவிடும். லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். ஸ்பிரிங்கே அரித்து மெலிந்திருந்தால் அந்த ரிமோட் வேண்டாம். நான் முதலில் வாங்கிய இரண்டில் ஒன்று அப்படித்தான் இருந்தது. மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அடுத்து, சென்சார் பார். வீயை ஓடவிட்டு, உங்கள் போனின் முன்பக்கக் கேமராவை அந்தப் பட்டையை நோக்கித் திருப்புங்கள். கண்ணுக்குத் தெரியாத விளக்குகள் போன் திரையில் ஊதாவும் வெள்ளையுமாக மினுங்கும். இரண்டு முனைகளும் எரிந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது.

பிறகு ஒரு வட்டைப் போட்டு ஐந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். உள்ளே கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தாலோ, வட்டைப் படிக்க முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ வாங்காதீர்கள். வீயின் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடிவிட்டது. இனி அதில் வட்டுதான் எல்லாம். வட்டு படிக்காத வீயால் பயனில்லை.

ரிமோட் இணையவில்லை என்று விற்பவர் சொன்னால் உடனே விலகிவிட வேண்டாம். ரிமோட்டின் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு; கன்சோலின் முன்பக்கச் சின்ன மூடிக்குள் இன்னொன்று உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து அழுத்தினால் பெரும்பாலும் இணைந்துவிடும்.

கடைசியாக டிவி. வீயில் எச்டிஎம்ஐ கிடையாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை வயர்தான். புது டிவி பலவற்றில் அந்தத் துளைகளே இல்லை. உங்கள் டிவியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். துளை இல்லையென்றால் வீயின் பின்னால் செருகும் எச்டிஎம்ஐ மாற்றி ஒன்று வாங்க வேண்டியிருக்கும். அது விலை அதிகமில்லை.

கையில் எதையும் பிடிக்கத் தேவையில்லாத கினெக்ட் இன்னும் எளிதல்லவா?

கேட்பதற்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அதற்கு இடம் வேண்டும். ஒருவர் ஆட சென்சாரிலிருந்து சுமார் 1.8 மீட்டரும், இருவர் ஆட சுமார் 2.4 மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் லவுஞ்சில் டிவியிலிருந்து சோபா வரை 2 மீட்டர்தான். இங்கே வரிசை வீடுகளில் இருப்பவர்கள் டேப் வைத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். சேலையோ நீளமான பாவாடையோ கட்டியிருந்தால் கால் எங்கே என்று அது தடுமாறும். உட்கார்ந்து ஆடுபவரையும் சரியாகப் புரிந்துகொள்ளாது.

கினெக்ட் தயாரிப்பு 2017-இல் நின்றுவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடையும் 2024 ஜூலையில் மூடிவிட்டது. ஆக, இதுவும் பழைய வட்டுகளை நம்பித்தான். பெரிய ஹாலும் நடனத்தில் ஆசையுள்ள பிள்ளைகளும் இருந்தால் வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸ் பழைய குண்டு மாடல் என்றால் கினெக்ட்டுக்குத் தனி மின் அடாப்டர் தேவை. அது கூடவே வருகிறதா என்று கேளுங்கள்.

பிளேஸ்டேஷனில் இல்லையா?

2010-இல் 'மூவ்' என்று ஒன்று வந்தது, நுனியில் ஒளிரும் பந்தோடு. அசைவைத் துல்லியமாகப் பிடிக்கும். ஆனால் தனிக் கேமரா வேண்டும், கேம்களும் குறைவு. புதிதாகத் தொடங்குபவருக்குத் தேவையில்லை.

தலையில் மாட்டும் வி.ஆர்.?

ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். சிலருக்குத் தலை சுற்றும். சின்னப் பிள்ளைகளுக்கும் அது உகந்ததில்லை. குடும்பத்துக்கு முதல் கன்சோலாக வேண்டாம்.

வீயைப் போலவே இருக்கும் மலிவான ஒன்றில் நூற்றுக்கணக்கான கேம் என்று போட்டிருக்கிறதே?

கடை வீதியில் அடுக்கி வைத்திருப்பார்கள். ரிமோட் வீ மாதிரியே இருக்கும், உள்ளே அசைவை உணரும் சில்லு இருக்காது. எவ்வளவு வீசினாலும் பொத்தானை அழுத்தினால்தான் பந்து போகும். இதை வாங்கிக் கொடுத்துவிட்டு, கை வலிக்க வீசிப் பார்த்து அழுத பிள்ளையைச் சமாதானம் செய்த அப்பா ஒருவரைத் தெரியும். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து நிஜமான வீயே வாங்குங்கள்.

எங்கள் ஆயாவுக்கு 74 வயது. அவர் ஆட முடியுமா?

முடியும். எங்கள் ஆயா 'வீ ஸ்போர்ட்ஸ்' பவுலிங் ஆடத் தொடங்கிய வயதும் ஏறக்குறைய அதுதான்.

புரிய வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ரிமோட்டின் அடிப்பக்கத்தில், ஆள்காட்டி விரல் படும் இடத்தில், துப்பாக்கி விசை போல ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தபடி கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது விட வேண்டும். விரலை விடும் நேரம்தான் பந்தை விடும் நேரம். ஆயா முதல் மூன்று தடவையும் கை பின்னால் போனபோதே விரலை விட்டுவிட்டார். பந்து பின்பக்கம் விழுந்து, திரையில் பின்னால் நின்ற பொம்மைகள் எல்லாம் துள்ளி ஒதுங்கின. ஆயா நிஜமாகவே திரும்பிப் பார்த்து, "ஐயோ, யார் மேலாவது பட்டுவிட்டதா?" என்று கேட்டார். நான்காவது தடவை என் தங்கை ஆயாவின் விரல் மேல் தன் விரலை வைத்து, "இப்ப விடுங்க ஆயா" என்று சொன்னாள். ஏழு கட்டைகள் விழுந்தன. அதற்கப்புறம் யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தே பவுலிங் ஆடலாம். கன்சோலுக்கு வேண்டியது கையின் அசைவு மட்டும். கை வைத்த நாற்காலி வேண்டாம், வீசும்போது இடிக்கும். டென்னிஸிலும் ஆட்கள் தாமாகவே ஓடிக்கொள்வார்கள். நேரம் பார்த்து வீசினால் போதும். 'வீ ஸ்போர்ட்ஸ்' வட்டில் கிரிக்கெட் கிடையாது, பேஸ்பால் இருக்கிறது. எங்கள் தாத்தா அதைக் கிரிக்கெட்டாகவே எடுத்துக்கொண்டு ஆடினார்.

திரையில் கைக்குறி திடீரென்று நடுங்குகிறது, ரிமோட் கெட்டுவிட்டதா?

இது வீயில் வரும் தொல்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வந்தது. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருக்கும். ரிமோட்டை மாற்றினோம், பேட்டரியை மாற்றினோம், தீரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா காமாட்சி விளக்கை எடுத்து சாமி அறைக்குள் வைத்தார், நடுக்கம் உடனே நின்றது. டிவிக்குப் பக்கத்து அலமாரியில் அதுவரை எரிந்துகொண்டிருந்த விளக்குதான் காரணம். சுடரிலிருந்தும் அகச்சிவப்பு ஒளி வருகிறது. சென்சார் பாரின் இரண்டு முனைகளோடு மூன்றாவதாக ஒன்றையும் ரிமோட் பார்த்துக் குழம்பியிருக்கிறது. டிவிக்குப் பின்னால் ஜன்னல் இருந்து மாலை வெயில் அடித்தாலும் இப்படியே ஆகும். விளக்கைத் தள்ளி வையுங்கள், திரைச்சீலையை இழுத்து விடுங்கள். ஸ்விட்ச்சில் இந்தப் பிரச்சினை இல்லை.

எவ்வளவு இடம் வேண்டும்?

இரண்டு கைகளையும் நீட்டி ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எதிலும் படக்கூடாது. அப்புறம் கையை மேலே தூக்கி வீசிப் பாருங்கள், ஏனென்றால் டென்னிஸ் சர்வீஸ் போடும்போது கூரை மின்விசிறியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி மேல்பலகை போட்ட காபி டேபிளை ஓரம் தள்ளுங்கள். டிஸ்ப்ளே கேபினெட்டுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள்.

மணிக்கட்டு வாரைக் கட்டாமல் யாரையும் ஆட விடாதீர்கள். வீ வந்த புதிதில் வார் அறுந்து ரிமோட் பறந்து டிவி உடைந்த கதைகள் நிறைய. 2006 டிசம்பரில் நின்டெண்டோ சுமார் 32 லட்சம் வார்களைத் தடிமனானவையாக மாற்றிக் கொடுத்தது, அடுத்த ஆண்டு ரப்பர் உறையும் இலவசமாகக் கொடுத்தது. பழைய வீ வாங்கினால் அந்த உறை இருக்கிறதா என்று பாருங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டு ஆடினால் வழுக்கும், வெறுங்காலே நல்லது.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, எடை குறையுமா?

டாக்டர் சொன்ன நடைக்கும் மருந்துக்கும் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஸ்விட்ச்சின் 'ரிங் ஃபிட் அட்வென்ச்சர்' உண்மையிலேயே வியர்க்க வைக்கும். 2019-இல் வந்தது. வளையத்தை அழுத்தியும் இழுத்தும், நின்ற இடத்திலேயே ஓடியும் ஆட வேண்டும். பிளாட்டின் மாடியில் இருப்பவர்களுக்குச் சத்தமில்லாத முறை ஒன்றும் உண்டு. ஓடுவதற்குப் பதிலாக முழங்காலை மடக்கி எழுந்தால் போதும், கீழ் வீட்டில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

லோட் ஷெடிங் வந்தால்?

2023 அளவுக்கு இப்போது இல்லை என்றாலும் கரண்ட் போகாத வீடு இங்கே கிடையாது. இதில் ஸ்விட்ச்சுக்கு ஒரு வசதி உண்டு. திரையைக் கழற்றி மேசையில் நிறுத்திவிட்டு, ஜாய்-கானைக் கையில் எடுத்து ஆடலாம். 2017 மாடலில் பேட்டரி சுமார் 2.5 முதல் 6.5 மணி நேரம் வரும்; 2019-க்குப் பிந்திய சாதாரண மாடலில் 4.5 முதல் 9 மணி நேரம். பழைய ஸ்விட்ச் வாங்குபவர்கள் எந்த மாடல் என்று கேட்டு வாங்குங்கள்.

வீக்கு உள்ளே பேட்டரி இல்லை. ஆனால் 20 வாட் அளவுதான் இழுக்கும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் கணக்கிட வேண்டியது டிவியைத்தான். எந்தக் கன்சோலாக இருந்தாலும் கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரும்ப வரும் வேகத்தில் அடிக்கும் மின்னழுத்தம்தான் கெடுப்பது. சர்ஜ் புரொடெக்டர் உள்ள பிளக் வாங்குவது வீண் செலவில்லை.

அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கி வருகிறேன் என்கிறார். சரிப்படுமா?

ஸ்விட்ச் என்றால் சரி. அதன் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், நம் சுவருக்கு ஒரு பிளக் மாற்றி போதும். எந்த நாட்டுக் கேம் அட்டையும் ஓடும். ஸ்விட்ச் 2 என்றால் ஒரு விதிவிலக்கு: ஜப்பானில் குறைந்த விலைக்கு விற்கும் மாடல் ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும்.

வீ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அமெரிக்க வீயின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். அதில் நம் ஊர் வட்டும் ஓடாது.

பழுதானால் திருப்பிக் கொடுக்கலாமா?

கடையில் வாங்கியிருந்தால், 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. செகண்ட் ஹேண்ட் கடைக்கும் இது பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. ரசீதை போனில் போட்டோ எடுத்து வையுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும்.

ஸ்விட்ச்சில் அடிக்கடி வரும் பழுது, ஜாய்-கானில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சியைத் தொடாமலே அது நகர்ந்ததாகக் கன்சோல் எடுத்துக்கொள்வது. பவுலிங், டென்னிஸ் போன்றவற்றில் குச்சிக்கு வேலை குறைவு, அதனால் அந்தப் பழுது வந்தாலும் அவற்றை ஆடிக்கொண்டிருக்கலாம்.

ஒரு பெட்டியில் எத்தனை பேர் ஆடலாம்?

ஸ்விட்ச்சில் வரும் இரண்டு ஜாய்-கானையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து இருவர் டென்னிஸ் ஆடலாம். கால்பந்துக்கு ஒருவருக்கே இரண்டும் வேண்டும். 'வீ ஸ்போர்ட்ஸ்' பவுலிங்கில் ஒரே ரிமோட்டை நான்கு பேர் மாற்றி மாற்றி ஆடலாம். தீபாவளிக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வரும்போது அது பெரிய வசதி.

வாங்கி வந்த அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களே முந்தின இரவு திறந்துவிடுங்கள். ஜாய்-கானைக் கன்சோலின் இரண்டு பக்கமும் சொருகி வைத்தால்தான் சார்ஜ் ஏறும், முழுதாக ஏற மூன்றரை மணி நேரம் ஆகும். ஸ்விட்ச் என்றால் இணையத்தில் இணைத்துப் புதுப்பித்து வையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் பிள்ளைகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று கட்டுப்படுத்த போனில் இலவச ஆப் இருக்கிறது, அதையும் அன்றே போட்டுவிடுங்கள். மெனுவில் தமிழ் கிடையாது. அதனால் ஆயாவின் பொம்மையை முன்கூட்டியே செய்து, பெயரும் போட்டு வைத்துவிட்டால் காலையில் அவர் ரிமோட்டை வாங்கி நேராக வீசத் தொடங்கிவிடலாம்.